நாற்பத்தொரு குடும்பத் தலைவர்கள்

சுபைறாவுக்கு இரண்டு மொழிகள் தெரியும். இரண்டிலும் அவள் பேசுவதில்லை. கல்முனையில் கன்னியாஸ்திரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் நிந்தவூர் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவள், ஆளைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏதாவது ஒரு புத்தகத்துக்குள் புகுந்துவிடுவாள். இப்படிப்பட்ட ஒருத்தி, முன்பின் தெரியாதவர்களின் வாசலில் நின்று கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட மானிடவியலைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஏன் எடுத்தாள் என்று கேட்டால், சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பொருளியல் வகுப்புக்கு மேடு ஏற வேண்டும். மானிடவியல் வகுப்பு விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது.

மூன்றாம் வருடத்தில் வெளிநாட்டு உதவியைப் பற்றி ஒரு பாடம் வந்தது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கிணறும் பாலமும் கோழிக்குஞ்சும் கொடுக்கும்போது கொடுக்கிறவன் என்ன நினைக்கிறான், வாங்குகிறவன் என்ன நினைக்கிறான், இடையில் நிற்கிற உத்தியோகத்தர் என்ன எழுதுகிறார் என்றெல்லாம் அந்தப் பாடம் ஆராய்ந்தது. அது சுபைறாவுக்குப் பிடித்துப்போயிற்று. தொலைதேசத்து ஊர் ஒன்றில் தண்ணீர்க் குழாய் அடித்துக் கொடுத்தவர்கள், தண்ணீர் அள்ளுகிற பெண்களை விட்டுவிட்டு ஆண்களிடம் இடம் கேட்டதால் அந்தக் குழாய் பாழாய்ப் போனதைப் பற்றிப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. அவள் ஒன்பது பக்கம் எழுதினாள். விரிவுரையாளர் கடைசிப் பந்தியை வகுப்பில் உரத்து வாசித்தார். "கேட்க வேண்டியவரைக் கேட்காமல் கொடுக்கப்படும் உதவி, உதவியே அல்ல." சுபைறா மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பெருமையில் காது இரண்டும் சுட்டன.

அந்தப் பந்தியைப் பிற்பாடும் அவள் பலமுறை நினைத்திருக்கிறாள். அப்போதும் காது சுட்டதுதான். காரணம் வேறு.

ஆய்வுக் கட்டுரைக்காக எல்லோரும் வெளியூர் புறப்பட்டார்கள். ஒருத்தி தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். ஒருவன் வன்னிக் காட்டோரத்துக் குடியேற்றத்துக்குப் போனான். மானிடவியலாளர் என்றால் மொழி தெரியாத ஊரில், புரியாத வழக்கங்களுக்கு நடுவே ஒரு வருடமாவது குடியிருக்க வேண்டும் என்பது சுபைறாவின் எண்ணம். கோமாரிக்கு அப்பால் எங்காவது போகலாமா என்று வாப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

வாப்பா அச்சிமுகம்மது அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"கோமாரியில நமக்கு ஆரு இரிக்கா?"

"ஆரும் இல்ல வாப்பா. அதுக்குத்தான்."

"ஆரும் இல்லாத ஊருக்குக் கொமர்ப் புள்ள போய் என்ன செய்யிற? நிந்தவூர்லயும் ஆக்கள்தானே இரிக்காங்க. அவங்களக் கேளு."

இப்படியாக அவளுடைய ஆய்வுப் பிரதேசம் வீட்டுப் பின்வேலியிலிருந்து நானூறு கெஜ தூரத்தில் அமைந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கடற்கரை ஒழுங்கைகளில் இருந்த வீடுகளைப் பிடுங்கி எறிந்திருந்தது. அதில் நாற்பத்தொரு குடும்பங்களுக்கு, அவரவர் வளவிலேயே கல்வீடு கட்டிக் கொடுக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்திருந்தது. எண்பதாம் ஆண்டு நோன்பு முடிந்த கையோடு சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கடற்கரையில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு அதைக் கந்தோர், அதாவது அலுவலகம், என்றார்கள். கந்தோரில் இருந்தவர் பாக்கியராசா, பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்தவர். அவருக்கு மேலே ஹென்ரிக் என்ற வெள்ளைக்காரர், கிழமைக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார்.

அவர்களுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆங்கிலம் தெரிய வேண்டும், தமிழ் தெரிய வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும். ஏனென்றால் ஆண்கள் கடலுக்குப் போகிற நேரத்தில் வீடுகளுக்குள் போய் விண்ணப்பம் நிரப்ப ஆண் உத்தியோகத்தரை ஒருவரும் விடமாட்டார்கள். சுபைறாவைக் கண்டதும் பாக்கியராசா முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவக் கட்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார். அந்தத் தகவல்களை அவள் தன் கட்டுரைக்கும் பாவித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இதைவிட வேறென்ன வேண்டும்? நோயாளியும் தானே, வைத்தியரும் தானே என்று ஆகப்போவது அப்போது அவளுக்குத் தெரியாது.

முதலில் ஒத்திகை பார்க்கத் தன் வீட்டுக்கே ஒரு படிவம் நிரப்பினாள். மூன்றாவது கேள்வி: குடும்பத் தலைவர் பெயர். அச்சிமுகம்மது என்று எழுதினாள். நான்காவது கேள்வி: வீடு சொந்தமா, வாடகையா? "தலைவருக்குச் சொந்தம்" என்ற பெட்டியில் சரி போட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. தன் வீட்டைப் பற்றித் தனக்குத் தெரியாதா?

பிறகு கடற்கரை. குமர்ப்பிள்ளை தனியே போகக் கூடாது என்று உம்மாவும் கூடவே வந்தாள். உம்மா, ஆசியா உம்மா, ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவள். சுபைறா குனிந்த தலையோடு, "உங்கட வீட்டில எத்தின பேர்?" என்று கேட்பாள். அவள் குரல் அவளுக்கே கேட்காது. பதில் உம்மாவிடம் வரும்.

"என்ன ஆசியா உம்மா, உங்கட மகளுக்குத் தடிமன் பிடிச்சித் தொண்டை அடைச்சிட்டா?"

"பேராதனைக் கம்பஸ்ல அப்பிடித்தான் கதைக்கிறயாம். எத்தின பேரெண்டு கேக்கா."

"எத்தின பேரெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்கா. வெள்ளைக்காரனுக்குத்தான் தெரியா."

வழியில் சுபைறா சொன்னாள், "உம்மா, நீங்க கதைக்காம இருக்கணும். இது ஆய்வு."

"நான் கதைக்காட்டி இஞ்ச ஆரு கதைக்கிற?"

அடுத்த வீட்டுக்குள்ளும் உம்மாதான் முதலில் நுழைந்தாள்.

மூன்றாவது கேள்வியில்தான் பெரும் பாடு. புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அந்தப் பெண்களுக்கு இல்லை. "இவள்ட வாப்பா", "எங்கட வீட்டுக்காரர்" என்பார்களே தவிரப் பெயர் வராது. சிரிப்பார்கள், முந்தானையை வாயில் வைப்பார்கள். கடைசியில் உம்மாதான் பெயரைச் சொல்லுவாள். சுபைறா தன் குறிப்புப் புத்தகத்தில், "பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. இது மரியாதையா, அடக்குமுறையா?" என்று எழுதி இரண்டு கோடு இழுத்தாள். சொல்ல மாட்டாத பெயர்களை எல்லாம் இவ்வளவு பாடுபட்டுக் கறந்து, நாற்பத்தொரு படிவத்திலும் நாற்பத்தொரு ஆண்களின் பெயர்களைத் தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். நான்காவது கேள்விக்கு, யாரையும் கேட்காமலே, தன் வீட்டுக்குப் போட்ட அதே பெட்டியில் சரி போட்டாள்.

இருபத்தேழாம் படிவம் பாத்தும்மாவுடையது. பாத்தும்மாவின் மகள் உம்முவும் சுபைறாவும் சின்ன வகுப்பில் ஒரே வாங்கில் பக்கம் பக்கமாக இருந்தவர்கள். உம்மு இப்போது தையல் தைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். சாய்ந்தமருதில் தையல்கடை வைத்திருந்த ஹஸனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நிக்காஹ்.

"குடும்பத் தலைவர் ஆரு மாமி?"

"உம்முட வாப்பாதான்."

"முகைதீன்பாவா எண்டு எழுது," என்றாள் உம்மா.

சுபைறா எழுதினாள். முகைதீன்பாவா கோமாரியில், மீன்பிடிக்கிறவர்கள் தங்கும் வாடியில் இருந்து கடல்தொழில் செய்கிறவர். மாதத்தில் இரண்டு நாள்தான் வீட்டுக்கு வருவார்.

ஒரு சனிக்கிழமை கந்தோருக்கு வெளியே பெரிய பலகை ஒன்று எழும்பியது. நாற்பத்தொரு பெயர்கள், ஒவ்வொன்றும் சாண் நீளத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும். கீழே சிவப்பு மையில் ஓர் அறிவித்தல்: வீடுகள் மேற்படி குடும்பத் தலைவர்களின் பெயரில் எழுதப்படும், பத்து வருடத்துக்கு வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது, கோப்பு வருகிற வியாழக்கிழமை கொழும்புக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்தும்மா வேலிக் கடப்பால் நுழையும்போதே சத்தம் போட்டாள்.

"ஆசியா உம்மா! உங்கட படிச்ச மகள் வீட்டில இரிக்காளா? இல்லாட்டி என்ட வீட்டத் தூக்கிட்டுக் கம்பஸுக்குப் போய்ட்டாளா?"

"என்ன பாத்தும்மா, வந்து இரிங்க."

"இரிக்க எனக்கு எங்க வீடு இரிக்கி? முகைதீன்பாவாட வீடெண்டு பலகையில எழுதி வெச்சிரிக்காள். ஹஸன்ட உம்மா சுபஹுக்கே ஆள் அனுப்பிட்டா. பொண்ணுட வீட்டுக்குத்தான் எங்கட மகன் மாப்பிள்ளயா வருவான், வாப்பாட வீட்டுக்கு வரமாட்டானாம். வியாழக்கிழமைக்குள்ள உம்முட பேர்ல மாத்தினா கலியாணம். இல்லாட்டி அவங்க வேற இடம் பாக்கிறாங்களாம்."

சுபைறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமி, குடும்பத் தலைவர் ஆரெண்டு நான் கேட்டன்தானே. நீங்கதானே..."

"கேட்டாய். கூப்பன் புத்தகத்துக்குக் கேக்கிறாப்போலக் கேட்டாய். அரிசிக்கு அவர் தலைவர், சீனிக்கு அவர் தலைவர். வீடு ஆருடயெண்டு கேட்டியா? வீடு குடுக்க வந்தவன் எந்தப் பொம்புளப் புள்ளைக்கெண்டு கேக்காமக் குடுப்பானெண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல. அது வேற ஒருநாள் வந்து கேப்பியெண்டு இருந்தன்."

நிந்தவூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. அந்தக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதுவாள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் நடப்பது கஷ்டம். சூறாவளியில் போன வீடு பாத்தும்மாவுக்கு அவள் தாய் கொடுத்தது. வரப்போகிற வீடு உம்முவுடையது. இதற்கு மானிடவியலில் நீளமான ஒரு பெயர் உண்டு. சுபைறா அதை இரண்டாம் வருடத்தில் மனப்பாடம் செய்திருந்தாள். உதாரணத்துக்கு ஒரு தீவின் பெயரைக்கூட எழுதியிருந்தாள், பசிபிக் சமுத்திரத்தில்.

பாத்தும்மா போன பிறகு சுபைறா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பீங்கானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உம்மா, இந்த வீடு ஆருட பேர்ல?"

"உன்ட பேர்லதான். ஏன்?"

"என்ட பேர்லயா? எப்ப?"

"நீ பெரியபுள்ளயான வருஷம். நொத்தாரிசு வந்து வீட்டுக்கு உறுதி எழுதினார். அண்டைக்கு நீ உள்ளுக்க புத்தகம் படிச்சிட்டு இருந்தாய்."

"எனக்குச் சொல்லவே இல்லயே!"

"இதில சொல்றதுக்கு என்ன இரிக்கி? வீட்டுக்குக் கூரை இரிக்கி எண்டும் வந்து சொல்லணுமா?"

வாப்பா மீன்முள்ளை ஒதுக்கிவிட்டுச் சொன்னார், "நான் இஞ்ச சாய்ந்தமருதுலிருந்து வந்த மாப்பிள்ளதானே புள்ள. இருவத்திநாலு வருஷமா நல்ல பேர் எடுத்துட்டு இருக்கன்."

"இவள் உங்களத் தலைவரெண்டு எழுதி, வீடும் உங்கடதான் எண்டு சரி போட்டிரிக்காள்," என்றாள் உம்மா. உம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் மேசையில் கிடந்த ஒத்திகைப் படிவத்தை வாசித்திருந்தாள்.

"எனக்கா?" வாப்பா உண்மையிலேயே பயந்துபோனார். "உன்ட மாமாமாருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

ஒரு வீட்டுக்குப் பத்து வருடமாகச் சொந்தக்காரி. அதுகூடத் தெரியாத ஆய்வாளர். தான் உட்கார்ந்திருந்த கதிரையையே அன்று முதல்முறை பார்ப்பதுபோலச் சுபைறா பார்த்தாள். பேராதனைக்குத் திரும்பிப் போய்ப் பொருளியலுக்கு மாற முடியுமா என்றும் கொஞ்சம் யோசித்தாள். மேடு ஏறினால் ஏறிவிட்டுப் போகிறது.

அன்று முழுக்க இருந்து ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கக் கடிதம் ஒன்று எழுதினாள். அடிக்குறிப்புகள் பதினேழு. திங்கட்கிழமை ஹென்ரிக் அதை நின்றபடியே வாசித்தார். முகம் மலர்ந்தது. மிகவும் சுவாரசியமான விஷயம், இதைத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பி ஒரு கருத்தரங்கு வைக்கலாம், அடுத்த திட்டத்தில் கட்டாயம் கவனத்தில் எடுக்கலாம் என்றார். அடுத்த திட்டமென்றால் அடுத்த சூறாவளிக்கா என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை, இரண்டு மொழியிலும். ஹென்ரிக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார்.

பாக்கியராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, பன்ரெண்டு பக்கத்தில என்னதான் எழுதியிருக்கிறீங்க?"

அவள் சொன்னாள். தமிழில் சொன்னபோது அது இரண்டே வசனமாக இருந்தது.

"அட கடவுளே! நானும் காரைதீவில பொஞ்சாதிட வீட்டிலதான் இருக்கன். எங்கட ஆக்களுக்கும் இதே வழக்கம்தானே. இந்தப் படிவத்த மூணுதரம் வாசிச்சன், எனக்கும் படல்ல." கண்ணாடியை மறுபடி போட்டார். "சரி. படிவத்தில பேர் போட்ட ஆளே வந்து, வீடு இன்னாருக்கு எண்டு கையொப்பம் வெச்சுத் தந்தா, வியாழக்கிழமைக்குள்ள நான் மாத்துவன். துரை கேட்டா நான் சொல்லிக்கொள்றன். ஆனா ஆள் கட்டாயம் வரணும், இல்லாட்டி அவர்ட கையொப்பம் வரணும்."

செவ்வாய்க்கிழமை கடற்கரை பார்க்க வேண்டிய கோலமாக இருந்தது. அம்மை ஊசி போடும் நாளில் நிற்பதுபோல ஆண்கள் கந்தோருக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். அவர்களைக் கூட்டிவந்த பெண்கள் பூவரச மரத்தடியில் இருந்து காவல் காத்தார்கள். சுபைறா மேசையில் இருந்து, "நான் இந்தக் குடும்பத்தின் தலைவர் அல்ல. வீடு என் மகள் இன்னாருக்குரியது" என்று கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினாள். ஒவ்வொருவராகக் கையொப்பம் வைத்தார்கள்.

மஜீட் என்ற ஒருவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "தலைவர் இல்லயெண்டு எழுதினா, நாளைக்கு கூப்பன்லயும் என்ட பேர வெட்டுவாங்களா?"

"வெட்ட மாட்டாங்க," என்றாள் சுபைறா.

"அப்ப சரி. மூணு நாளாத் தலைவரா இருந்தன். ஒரு தேத்தண்ணி ஆரும் வாங்கித் தரல்ல."

"இருவத்திரண்டு வருஷம் கந்தோர் வேலை பாத்திட்டன்," என்றார் பாக்கியராசா. "ஆம்பிளையள் வரிசையில நிண்டு பதவி விலகினத இண்டைக்குத்தான் கண்டன்."

பின்னேரம் எண்ணிப் பார்த்தபோது நாற்பது. நாற்பத்தோராவது ஆள் கோமாரியில் இருந்தார். பாத்தும்மா இரண்டு தரம் ஆள் அனுப்பியும், வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார் முகைதீன்பாவா. பலகை எழும்பிய சனிக்கிழமை அவர் ஊரில்தான் இருந்தார். அன்று மட்டும் மூன்று தரம் போய்ப் பலகையைப் பார்த்தார் என்றும், தேத்தண்ணிக் கடையில் யாரோ "தலைவர், வாங்க!" என்றபோது அவருக்கு இடம் விட்ட வாங்கின் நடுவில் போய் இருந்தார் என்றும் ஊரில் கதை.

புதன்கிழமை விடியப் பாத்தும்மா, உம்மா, சுபைறா மூன்று பேரும் பொத்துவில் பஸ்ஸில் ஏறினார்கள். கோமாரிக்குப் போக வேண்டும் என்ற அவளுடைய ஆய்வு ஆசை இப்படி நிறைவேறியது. அக்கரைப்பற்று தாண்டும் வரை பாத்தும்மா அவளோடு கதைக்கவில்லை. பிறகு பொதியை அவிழ்த்து ஒரு துண்டு புட்டை அவள் கையில் வைத்து, "தின்னு. வாடின முகத்தோட போய் நிண்டா அவர் கையொப்பம் வைக்க மாட்டார்," என்றாள்.

முகைதீன்பாவா தென்னைமரத்தடியில் கால் நீட்டியிருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். பெண்கள் வருவதைக் கண்டதும் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கண் மட்டும் வலையை விட்டு எழும்பவில்லை.

"நான் வெக்க மாட்டன்."

"ஆரும் இன்னும் ஒண்டும் கேக்கல்லயே," என்றாள் பாத்தும்மா.

"கேக்கத்தானே பஸ் ஏறி வந்திரிக்கீங்க."

"இது உம்முட கலியாணம், மனிசன்!"

"தெரியும். எனக்கும் மகள்தானே." வலை ஊசி இரண்டு கண்ணி போய் வந்தது. "இருவத்தொரு வருஷம் உன்ட வீட்டில இருந்தன். இனி மகள்ட வீட்டில இருக்கணும். நடுவுல ஒரு மாசம் என்ட வீட்டில இருந்தா உங்களுக்கெல்லாம் என்ன?"

பாத்தும்மா அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தாள். சுபைறாவின் மனதில் மின்னல் அடித்தது: இந்த வழக்கத்தை ஆணின் பக்கத்திலிருந்து யாரும் எழுதியதில்லையே! கை தானாகப் பைக்குள் போய்க் குறிப்புப் புத்தகத்தை எடுத்தது. பேனையின் மூடியைக் கழற்றியும்விட்டாள்.

"புத்தகத்த உள்ளுக்க வைடி!" என்றாள் உம்மா.

வைத்தாள். காது சுட்டது. இனிப் பேசாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது. உம்மா மொழிபெயர்க்கவும் முடியாது, ஏனென்றால் பிழை உம்மாவுடையது அல்ல.

"மாமா," என்றாள். "பிழை என்ட. ஆருட வீடெண்டு கேக்காம நான்தான் உங்கட பேர எழுதினன். என்ட வீட்டயும் அப்பிடித்தான் வாப்பாட பேர்ல எழுதினன். அது என்ட வீடெண்டே எனக்குத் தெரியா."

முகைதீன்பாவா முதல்முறையாக நிமிர்ந்தார். "உன்ட வீடெண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியா."

"கம்பஸ்ல படிக்காய்?"

"ஓம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாத்தும்மாவும் சிரித்தாள். உம்மா சிரிக்காமல் இருக்கக் கடல் பக்கம் பார்த்தாள். சுபைறா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய ஆய்வினால் ஒருவருக்காவது ஆறுதல் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"பலகையில அந்தப் பேர எழுதினதும் நீதானா?"

"பலகை வேற ஆள் எழுதின. படிவத்தில நான்."

"ம். எங்க, கடதாசியக் காட்டு."

அவள் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை மெல்ல மெல்ல வாசித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "தலைவர் இல்ல எண்டதுக்குக் கையொப்பம் வைக்க ஏலா. மத்தவங்க வெச்சா வெக்கட்டும். நான் தலைவர்தான், ஆனா வீடு மகள்ட எண்டு எழுது."

சுபைறா வாடிக் கட்டிலில் தாளை வைத்து எழுதினாள்: "நான் இந்தக் குடும்பத்தின் தலைவர். வீடு என் மகள் உம்முவுக்குரியது." எழுதி முடித்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தாள். மூன்றாவது கேள்வியையும் நான்காவது கேள்வியையும் எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. குறிப்புப் புத்தகத்தை எடுக்கக் கை துடித்தது. எடுக்கவில்லை.

அவர் பேனையை வாங்கிவிட்டு நிறுத்தினார். "இது எங்க போகும்?"

"கொழும்புக்கு. ஃபைலுக்குள்ள."

"ஆரும் பாப்பாங்களா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "பாக்க மாட்டாங்க."

"பலகையில?"

"பலகையில உம்முட பேர்தான் வரும்."

"அப்ப என்ட பேர் எங்கயும் இல்ல." அவர் அதை ஒரு கணக்கு விடை போலச் சொன்னார். "வேற எங்கயாவது எழுதித் தருவியா?"

மானிடவியலில் பாலபாடம் ஒன்று உண்டு. தகவல் தந்தவர்களின் உண்மைப் பெயரை எழுதக் கூடாது. விரிவுரையாளர் அதைக் கரும்பலகையில் எழுதிக் கட்டம் போட்டிருந்தார். "என்ட ஆய்வுப் புத்தகத்தில எழுதுறன்," என்றாள் சுபைறா.

"அத ஆரு படிப்பா?" என்று குறுக்கே விழுந்தாள் உம்மா.

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேரா? பலகைய ஊரே பாத்திச்சே!"

முகைதீன்பாவா யோசித்தார். "பெரிய ஆக்களா?"

"ஓம் மாமா. பெரிய ஆக்கள்."

"அப்ப சரி," என்று அவர் கையொப்பம் வைத்தார். மை காயும்வரை தாளைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை பாக்கியராசா அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, "தங்கச்சி, எல்லாத்தையும் இப்பிடி எழுதியிருக்கலாமே. நாப்பது பேரையும் வீணாப் பதவி இறக்கிட்டமே," என்றார். பின்னேரம் கோப்பு கொழும்புக்குப் போயிற்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு உம்முவின் நிக்காஹ் நடந்தது. பூச்சுக் காயாத சுவரில் முக்காடு பட்டு வெள்ளையாகாமல் இருக்கப் பெண்கள் எல்லோரும் நடுவில் நெருங்கி நின்றார்கள். ஹஸன் உடுப்புப் பெட்டியோடு தையல் மெசினையும் கொண்டுவந்தான்.

சுபைறா ஆய்வை ஆங்கிலத்தில் எழுதி முடித்தாள். ஊரின் பெயரை மறைத்து, "காரைதீவுக்கும் ஒலுவிலுக்கும் இடையிலுள்ள ஒரு கரையோர ஊர்" என்று எழுதினாள். அந்த வழியால் ஒரு தரம் பஸ்ஸில் போனவனுக்கும் தெரிந்துவிடும் என்பது தட்டச்சு அடித்த பிறகுதான் தோன்றியது. எல்லோருக்கும் பொய்ப் பெயர் வைத்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும், விரிவுரையாளரின் பெயருக்கு அடுத்து, "கோமாரி வாடியில் தொழில் செய்யும் முகைதீன்பாவா, குடும்பத் தலைவர்" என்று உண்மைப் பெயரையே போட்டாள். தட்டச்சில் தமிழ் இல்லாததால் அதன் மேலே பேனையால் தமிழிலும் எழுதினாள்.

கட்டுரை திரும்பி வந்தபோது அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. உண்மைப் பெயர் வெளியிட்டதற்குப் புள்ளி வெட்டப்பட்டிருந்தது. தலைவரின் பெயரை எழுதியதற்காக அவளுக்கு இரண்டாம் தடவையாகப் பிழை விழுந்தது.

அடுத்த வருட விடுமுறைக்கு வந்தபோது ஆய்வுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உம்முவின் வீட்டுக்குப் போனாள். முகைதீன்பாவா அன்று ஊரில் இருந்தார். மருமகனின் தையல் மெசினுக்குப் பக்கத்தில், பேரப்பிள்ளையின் ஏணைத் தொட்டிலுக்கு ஒரு கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"இது என்ன, சிவப்பால வளைச்சிரிக்கி?"

"பெரிய ஆக்கள் வாசிச்ச அடையாளம் மாமா."

அவர் கயிற்றை மடியில் வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கினார். ஒரு கையளவு தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். உள்ளேயிருந்து உம்முவும் பாத்தும்மாவும் வந்து எட்டிப் பார்த்தார்கள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்து முடித்தவர், வட்டத்துக்கு மேல் கட்டைவிரலை வைத்து அளந்தார்.

"நல்லாத்தான் இரிக்கி புள்ள," என்றார். "ஆனா பலகையில இதவிடப் பெருசா இருந்திச்சு."